மிளகாய் படாத அடுப்பு

என் வீட்டுக்காரர் மயில்சாமி விசேஷங்களுக்குச் சமைக்கிறவர். சாமளாபுரத்திலிருந்து பல்லடம் வரைக்கும் கெடா விருந்து வைக்கிறவர்கள் முதலில் அவருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுவிட்டுத்தான் கோயிலில் தேதி கேட்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும். அவர் கறிக்குழம்பின் பேரே காரத்தில்தான் இருந்தது. வரமிளகாயில் பாதியை அரைத்துப் போடுவார், பாதியைக் கிள்ளி எண்ணெயில் பொரித்து, இறக்கும்போது மேலே ஊற்றுவார். சாப்பிடுகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சித்திரை மாதத்தில் குடலில் புண் என்று டாக்டர் சொன்னார்.

"ஆறு மாசத்துக்கு மிளகாயைக் கண்ணால மட்டும் பாருங்க" என்றார் டாக்டர்.

இவர் "மொளகுங்க?" என்று கேட்டார். பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"அளவாப் போட்டுக்கங்க. எரிஞ்சா அதையும் நிறுத்திருங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சித்ரா, இது நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்கோணும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதினாறு வருஷமாக அவரோடு விசேஷங்களுக்குக் காய் நறுக்கப் போகிறவள் நான். எங்கள் பக்கத்தில் கடைசிப் பந்தியில் சமையல் மாஸ்டரை உட்கார வைத்து, விருந்து வைத்தவரே பரிமாறுவார். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு கண் உண்டு. தான் சமைத்ததைத் தானே தின்கிறானா என்று அந்தக் கண் பார்க்கும். தின்னாவிட்டால் இரண்டு பேச்சுத்தான் கிளம்பும். ஒன்று, குழம்பில் ஏதோ விழுந்துவிட்டது. இல்லையென்றால், மாஸ்டருக்குச் சீக்கு. இரண்டில் எது கிளம்பினாலும் அடுத்த விசேஷம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஆக வீட்டில் மிளகாய் நின்றது. அவருக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று இரண்டு அடுப்பு மூட்ட எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாருக்கும் மிளகு என்று முடிவு செய்தேன்.

மிளகு என்றால் ரசத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் தெரிந்த கை என்னுடையது. முதல் நாள் புளிக்குழம்பில் மிளகாய் போடுகிற கணக்கிலேயே மிளகைப் போட்டுவிட்டேன். கறுப்பாக, கசப்பாக வந்தது. இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு தயிரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். சமையல்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். சட்டியில் மிளகு ஒன்றிரண்டு துள்ளும்போதே இறக்கிவிட வேண்டும், கறுகினால் கசக்கும். மொத்தமாகப் பொடித்து டப்பாவில் வைத்தால் நாலு நாளில் வீரியம் போய்விடும், அன்றன்றைக்குத்தான் தட்ட வேண்டும். பொரியலுக்கு அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். குழம்புக்குக் கொத்தமல்லி விதையோடு சேர்த்து அரைத்தால்தான் முரட்டுத்தனம் அடங்கும். அரிசிம்பருப்பு சாதத்தில் மட்டும் முழுதாகத் தட்டிப் போட்டு, பூண்டோடு நல்லெண்ணெயில் தாளித்தேன். அதை இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

விசேஷ வீடுகளில் சமையல் எப்போதும் போல நடந்தது. குழம்பைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பவர், இப்போது கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் ருசி பார்த்து, உப்பு என்றால் ஒரு விரல், காரம் என்றால் இரண்டு விரல் காட்டுவேன். பெரும்பாலும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கொதிக்கிற வாசனையிலேயே அவருக்குத் தெரிந்தது. கடைசிப் பந்தியில் "ஊட்ல போய்ச் சாப்டுக்கறனுங்க, வெக்கைல பசியே இல்லீங்க" என்று நழுவிக்கொண்டார். சித்திரை வெயில் அந்தப் பொய்க்குத் துணை நின்றது.

எங்களுக்கு ஒரே மகள், தமிழ்மதி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கம்பெனி வேன் காலை ஏழரைக்கு முக்கில் வந்து நிற்கும். அவள் மேஜையிலேயே மூத்த செக்கர் பழனாத்தாள். துணியில் ஓர் ஊசி ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, உடனே அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தப் பழனாத்தாள்தான் என் மகளை ஒரு வருஷம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் மகன் பிரபாகருக்குக் கேட்டு வந்தாள். பையன் காதர்பேட்டையில் மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். தமிழ்மதிக்கும் பிடித்திருந்தது. ஆனியில் உறுதி வார்த்தை, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம்.

செக்கிங் மேஜையில் மத்தியானச் சோற்றை யாரும் தனியாகத் தின்பதில்லை. டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்வார்கள். தமிழ்மதியின் டப்பாவில் முதல் நாள் மிளகுக் குழம்பு. இரண்டாம் நாள் மிளகு போட்ட முட்டை. மூன்றாம் நாள் பூண்டு மிளகுச் சாதம். மூன்று வாரம் இப்படியே போனது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நாள் தவறாமல் மிளகு மணத்தால், அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதிலும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்து மணத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். மளிகைக் கடைக்காரரே மூன்றாம் தடவை மிளகு கட்டும்போது, "ஊட்ல ஆருக்குங்க ஒடம்புக்கு?" என்று கேட்டார். நான் அதற்கே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பழனாத்தாள் வீட்டுக்கு வந்தாள். காபி குடித்தாள். ஊர்க்கதை பேசினாள். எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்னுங்க ஒடம்புக்கு? டப்பால தெனமும் மொளகுச் சோறாவே வருதுங்களே."

அடுத்த அறையில் இவர் படுத்திருந்தார். எனக்குச் சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒண்ணுமில்லீங்க. சளி புடிச்சுது, விடவே மாட்டீங்குது. அதுக்குத்தானுங்க."

"அப்படீங்களா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த 'அப்படீங்களா' கொஞ்சம் நீளமாக இருந்ததாக எனக்கு அப்போதே பட்டது.

நாலு நாள் கழித்து அவளிடமிருந்து போன். உறுதி வார்த்தையை இப்போது வேண்டாம், ஆடி போகட்டும் என்றாள். காரணம் கேட்டேன். "அவசரமில்லீங்களே" என்றாள். அவசரப்பட்டுப் பெண் கேட்டு வந்தது நாங்கள் இல்லை, அவள்தான்.

காரணத்தை எதிர்வீட்டு அனுப்பிரியா சொன்னாள். அவளும் அதே வேனில்தான் போகிறாள். வாசலில் நின்றபடி, கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. டப்பாவைப் பாத்துட்டு என்ன ஏதுன்னு எல்லாரும் கேட்டாங்க. தமிழு தனக்கு வயித்து வலின்னு சொல்லுச்சு. நீங்க சளின்னு சொல்லீருக்கீங்க. ஆத்தாளும் மகளும் ஆளுக்கொண்ணு சொன்னா, என்னத்தையோ மறைக்கறாங்கன்னு..."

"என்னத்தை மறைக்கறோமாம்?"

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயிற்று வலி, பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், ஒரு மாதம். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருவைக் கலைத்துவிட்டு, கமுக்கமாக வைத்துத் தேற்றிக்கொண்டிருக்கிறோமாம். என் அடுப்பில் போட்ட ஒரு பிடி மிளகிலிருந்து இத்தனையையும் சமைத்துவிட்டார்கள். கை நீட்டி யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. எதிரே நின்றது அனுப்பிரியா மட்டும்தான், அவள் பாவம்.

சாயங்காலம் தமிழ்மதி வேனிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு வயித்து வலின்னு எதுக்குடீ சொன்னே?"

"பின்ன ஆருக்குன்னு சொல்றது? அப்பாவுக்குன்னு சொல்லீருந்தா அடுத்த நாளே ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கும். எனக்குன்னா ரெண்டு நாள் கேப்பாங்க, உட்ருவாங்கன்னு நெனச்சேன்." பையைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும்மா, என்ன பேசறாங்கன்னு. பத்து நாளா என் டப்பால ஆரும் கை வெக்கறதில்ல."

பத்து நாளாக அவள் தனியாகத் தின்றிருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அடுக்களைக்குள் போய் அழுதேன். அவள் பொய் அப்பாவைக் காப்பாற்றச் சொன்னது. என் பொய்யும் அதற்குத்தான். இரண்டும் சேர்ந்து அவளைக் கெடுத்துவிட்டன.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊரறியச் சொல்லீருங்க, எனக்குத்தான் அல்சருன்னு" என்றேன்.

"சொல்லலாம். ஆவணியில அஞ்சு கல்யாணம் ஒத்துட்டிருக்குது. எல்லாம் போயிரும். நம்மளை உடு, கூட வர்ற எட்டுப் பேரு என்ன பண்ணுவாங்க?"

"அப்ப புள்ள பேரு போனாப் பரவால்லீங்களா?"

மூன்று நாள் அவர் புழக்கடையில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கரண்டிகளை மறுபடி மறுபடி புளி போட்டு விளக்கினார். தமிழ்மதிதான் சமாதானம் சொன்னாள். பேசுகிறவர்கள் பேசட்டும் என்றாள். பிரபாகர் தினமும் போன் செய்கிறார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அது போதும் என்றாள். அது போதாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஆனி கடைசியில் அவள் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் வீட்டில் பேரனுக்குக் காது குத்து. தோட்டத்தில் பந்தல் போட்டுக் கெடா விருந்து. சமையல் இவர்தான், பல மாதம் முன்பே பேசியது. நான் காய் நறுக்கினேன், குழம்பு ருசி பார்த்தேன். அன்றைக்கு ஒரு விரலைக்கூட உயர்த்த வேண்டியிருக்கவில்லை. வழக்கம் போல இவருக்கு மூடி போட்ட ஒரு போசிப் பாத்திரத்தில் மிளகுச் சாதம் கட்டி, சாக்குப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

கம்பெனிப் பெண்கள் வேன்களில் வந்து சேர நேரமானதால் அவர்களுக்குக் கடைசிப் பந்தி. தமிழ்மதி வரவில்லை, தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பழனாத்தாள் வந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு இலைக்குப் போனாள். நான் வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சினாள். குழம்பு வாளி திரும்பி வந்தபோது இன்னொரு கரண்டி வாங்கினாள்.

இவர் கை கழுவிக்கொண்டு நழுவப் பார்த்தார். மகுடேஸ்வரன் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், இன்னைக்கு உங்களை உடமாட்டேன். என் கையால ஒரு கரண்டி சாப்புட்டுத்தான் போகோணும்."

பழனாத்தாளுக்கு நேர் எதிர் வரிசையில் இலை போட்டு உட்கார வைத்தார். சோறு விழுந்தது. வாளி வந்தது. சிவப்பாக எண்ணெய் மிதக்கிற கரண்டி இலைக்கு மேலே வந்து நின்றது. நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். தின்றாலும் தின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். தின்றால் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆனால் ஐந்து கல்யாணம் கையில் நிற்கும்.

இவர் இலையின் மேல் கையை விரித்து மறைத்தார்.

"சித்ரா, அந்தப் போசிய எடுத்தா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து இலையில் கவிழ்த்தார். மிளகு வாசனை அந்த வரிசை முழுக்கப் போயிற்று. செக்கிங் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்த வாசனை அவர்களுக்குத் தெரியும்.

"எனக்குக் குடல்ல புண்ணுங்க" என்றார் இவர். முதலாளியைப் பார்த்து ஆரம்பித்தவர், எதிர் வரிசைக்குத் திரும்பிக்கொண்டார். "ரெண்டு மாசமா மொளகாய் தொடறதில்லீங்க. ஊட்ல மொளகு எனக்குத்தானுங்க. எம் புள்ளைக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. என்னைக் காப்பாத்தறதுக்காவ, அவ தனக்குன்னு பொய் சொல்லீட்டா."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நிதானமாக, முழுதும் சாப்பிட்டார். பழனாத்தாள் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, இதுக்கென்னுங்க மாஸ்டர், ஒடம்புன்னா வர்றதுதானே" என்றார் மகுடேஸ்வரன். சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பந்தலில் ஆர்டர் கொடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஆவணிக் கல்யாணங்களில் மூன்று போய்விட்டன. யாரும் கடுமையாகப் பேசவில்லை. "ஒடம்பைப் பாத்துக்கங்க மாஸ்டர், உங்களைச் செரமப்படுத்த வேண்டாம்னுதானுங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் வயிற்றில் அடிப்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

ஆடி முதல் ஞாயிறு பழனாத்தாள் வந்தாள். இந்தத் தடவை பழமும் பூவும் கொண்டு வந்திருந்தாள். தமிழ்மதியின் கையைப் பிடித்து, "அத்தை மேல கோவமா கண்ணு?" என்றாள். 'ஒரு வார்த்தை என்னையவே கேட்டிருக்கலாமுங்க' என்று மட்டும் சொன்னாள் மகள். பழனாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆவணி இருபதில் முகூர்த்தம், மண்டபமும் சொல்லியாயிற்று என்றாள். எனக்கு உயிர் வந்தது. அதற்கப்புறம் பூவை ஒதுக்கி வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தணித்தாள்.

"சமையலுக்குப் பல்லடத்துல ஒருத்தருகிட்டச் சொல்லீருக்கறமுங்க. தப்பா நெனைக்காதீங்க. அண்ணனுக்கு ஒடம்பு முடியாத நேரம். பொண்ணைப் பெத்தவரு, அன்னைக்கு உக்காந்து சாப்புடட்டுமேன்னுதான்."

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அதுவும் செரிதானுங்க" என்றார். அவர் ஒத்துக்கொண்ட வேகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகளுக்காக ஏற்கனவே மூன்று கல்யாணத்தை விட்டவர், நாலாவதாக அவள் கல்யாணத்தையும் விட்டுவிட்டார்.

"எனக்குச் செரியில்லீங்க" என்றாள் தமிழ்மதி.

"கண்ணு..."

"எங்கப்பா சமைக்கலீன்னா நான் மணையில உக்கார மாட்டேனுங்க அத்தை. எம் பேரைக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அத்தனை பேரு முன்னால வாயைத் தொறந்தாரு. அதுக்கே அவரைத் தள்ளி வெப்பீங்கன்னா, எனக்கு அந்தப் பேரு வேண்டாமுங்க."

"பெரியவிய பேசறப்ப நீ உள்ள போ" என்றார் இவர். அவள் போகவில்லை.

இரண்டு பொய்யில் ஒன்று என்னுடையது என்பதால், அடுத்து நான்தான் பேச வேண்டியிருந்தது. "அன்னைக்குக் காது குத்துல கறிக்கொழம்பு எப்படீங்க இருந்துச்சு?" என்று பழனாத்தாளைக் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"ரெண்டாம் தரம் வாங்குனீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அதுல ஒரு சொட்டு அவரு நாக்குல படலீங்க. ரெண்டு மாசமா நாலு விசேஷம், ஆராச்சும் ஒரு கொறை சொல்லியிருக்காங்களா?"

பழனாத்தாள் யோசித்தாள். எத்தனையோ ஆயிரம் உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண் அது. குறை இல்லாததில் ஸ்டிக்கர் ஒட்ட அந்தக் கண்ணுக்கு வராது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் கடைசியில். "ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்களோன்னுதான்..."

"சாப்புட்டுட்டுச் சொல்லட்டுமுங்க" என்றார் இவர்.

அத்தனை நாளில் அவர் குரல் அவ்வளவு உறுதியாக வந்து நான் கேட்கவில்லை. பழனாத்தாள் அவரைப் பார்த்தாள், உள்ளே போகாமல் நின்ற தமிழ்மதியைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானூத்தம்பது பேரு வருவாங்கண்ணா" என்றாள்.

இவர் கட்டிலிலிருந்து எழுந்து சட்டையை எடுத்து மாட்டினார். "காலைப் பந்தி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார்.